முதலாளியின் மூச்சு

அந்த மெத்தைக் கடையில் "முதலாளி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது ஒரு பூனைதான். கடையை நடத்துகிற தம்பிக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. உறை தைக்கிற அக்காவுக்கும் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பின்னால் எழுந்து சோம்பல் முறித்து, தைத்து முடித்த மெத்தை ஒவ்வொன்றின் மேலும் ஏறி மிதித்துப் பார்த்து, பிடித்ததில் படுத்துக்கொள்வதும் பிடிக்காததிலிருந்து இறங்கிப் போய்விடுவதும் அதன் வேலை. அது படுக்க மறுத்த மெத்தையை அக்கா பிரித்துப் பார்த்தால், எங்காவது ஒரு மூலையில் பஞ்சு கட்டிதட்டிக் கிடக்கும்.

"சம்பளம் இல்லாத மேற்பார்வை. இப்படியொரு முதலாளி எங்களுக்கெல்லாம் வாய்க்குமா?" என்பார் எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவரான பஞ்சர்காரருக்கும் அக்கா, தம்பியின் மனைவிக்கும் அக்கா. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கி, தொழிலையும் கைமாற்றிவிட்டு, அவன் கல்யாணத்துக்குப் பிறகும் அதே தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "உனக்கென்று ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டவர்களுக்கு அவள் முதலாளியைக் காட்டுவாள். ஒரு மழைநாளில் பஞ்சு மூட்டைக்குள் நனைந்த குட்டியாக வந்து சேர்ந்தது அது.

மெத்தை வேலை எளிமையானதுதான். அக்கா உறையின் மூன்று பக்கத்தைத் தைத்துத் தருவாள். தைக்காத நாலாவது பக்கத்துக்கு வாய் என்று பெயர். அந்த வாய் வழியாகத் தம்பி பஞ்சை அள்ளி அள்ளித் திணித்து, மூலைமுடுக்கெல்லாம் தள்ளி, கீழே கிடத்திப் பிரம்பால் அடித்துச் சமப்படுத்துவான். பிறகு அவன் மனைவி நீள ஊசியால் வாயைத் தைத்து மூடுவாள். அந்தக் கடையில் சட்டம் ஒன்றே ஒன்று. வாய் திறந்த மெத்தையை அப்படியே விட்டுவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. ஒருமுறை அப்படிப் போனதில் கத்தரிக்கோல் உள்ளே போய்விட்டது. வாங்கிய மனிதர் மறுநாளே திரும்பி வந்து, "உங்க மெத்தை என்னை முதுகுல கிள்ளுதுங்க" என்றார்.

அன்று வெயில் ஏறியபோது காற்றும் சேர்ந்துகொண்டது. பஞ்சு இழை பறந்து புருவத்தில், சோற்றுப் பானையில், எந்திரத்தின் சக்கரத்தில் என்று எங்கும் ஒட்டியது. காலையில் எலி செத்த நாற்றம் வந்ததால் அக்கா தரையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தாள். தண்ணீர் கலக்கப் பொறுமையில்லாமல் அப்படியே கொட்டிவிட்டாள். அதன்பின் உட்கார்ந்து ஓர் உறையை முடித்து நூலை அறுக்கும்போதுதான் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது. பழைய கதவு திறக்கிறாற்போல ஒரு சத்தம்.

முதலாளி எந்திரத்தின் அடியில் முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. பூனை வாய் திறந்து மூச்சு விட்டு அவள் பார்த்ததேயில்லை. வயிறு துருத்திபோல உள்ளே போய் வெளியே வந்தது. நாக்கு வெளுத்திருந்தது.

"ஐயோ, டேய் இங்க வாடா! முதலாளிக்கு மூச்சு வாங்குது!"

தம்பி பிரம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தான். குனிந்து பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"என்னடா ஆச்சு இதுக்கு? காலையிலயே பாலைத் தொடலை. நான்தான் கவனிக்காம போயிட்டேன். பினாயில் நெடியா இருக்குமோ? ஆமா, அதுதான். நான்தான் தண்ணி கலக்காம கொட்டினேன். அது நக்கிக்கூட இருக்கும்."

தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சொன்னான்: "ஆமாக்கா. அந்த நெடிதான். எனக்கே தொண்டை கமறுது."

பின்னால் நின்ற அவன் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அக்காவுக்கு அப்போது அந்தப் பார்வையின் பொருள் தெரியவில்லை.

கூடையில் வைத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாட்டு டாக்டர் என்று அந்தப் பக்கத்தில் பெயர். ஆனால் அங்கே மாட்டைத் தவிர மற்ற எல்லாம் வரும். காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் கன்றுக்குட்டி அளவு நாயோடு உட்கார்ந்திருந்தார். கூடைக்குள் பூனை மூச்சுவிடும் விதத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"நீங்க முதல்ல போங்கம்மா. இவனுக்குத் தோல்ல அரிப்பு. அவன் பாட்டுக்குச் சொறிஞ்சிக்கிட்டே காத்திருப்பான்."

அந்த முன்பின் தெரியாத மனிதரின் சொல்லில் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆண்டவன் நேரில் வருவதில்லை, இப்படி யாரையாவதுதான் அனுப்புகிறான் என்பது அவள் நம்பிக்கை.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பேச்சில் அவசரம் கிடையாது. பூனையைத் தொடுமுன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். காதில் குழாயை வைத்து நெஞ்சில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டாள்.

"என்னம்மா நடந்துச்சு?"

"என் தப்புதாம்மா. பினாயிலைத் தண்ணி கலக்காம ஊத்திட்டேன்."

"வீட்டுல என்ன தொழில்?"

"மெத்தை."

"அப்ப பஞ்சுத் தூசியும் இருக்கும்." டாக்டரம்மா யோசித்தாள். "படம் எடுக்கணும்னா இதை அமுக்கிப் படுக்க வைக்கணும். இப்ப இருக்கற நிலைமைக்குத் தாங்காது. ஒண்ணு மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயாவது விழுந்துச்சா? அடி கிடி பட்டுச்சா? பட்டிருந்தா நான் வேற மாதிரி பார்க்கணும்."

"எங்க வீட்டுல அதை அதட்டக்கூட ஆளில்லம்மா," என்றாள் அக்கா. தம்பி பக்கம் திரும்பி, "ஏண்டா?" என்றாள்.

கூடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்த தம்பி, "இல்ல டாக்டர். அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றான்.

டாக்டரம்மா ஊசி போட்டாள். ஒரு சின்ன முகமூடியை அதன் மூக்கருகே பிடித்துக் காற்று கொடுத்தாள். மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்ப்போம், அடங்காவிட்டால் உடனே கொண்டுவாருங்கள் என்று அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதல் வேலையாகப் பினாயில் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தரையை வெறும் தண்ணீரால் கழுவினாள். காய்ந்ததும் மறுபடி கழுவினாள். தூசி கிளப்பும் பஞ்சடிக்கிற எந்திரத்தை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தபோது கை போகவில்லை.

"சாப்பிடுங்கக்கா," என்றாள் தம்பி மனைவி.

"எப்படி இறங்கும்? வாயில்லா ஜீவன். வலிக்குதுன்னு சொல்லத் தெரியுமா அதுக்கு? இத்தனை வயசுக்கு, தண்ணி கலந்து ஊத்தணும்னு எனக்குத் தெரியலை பாரு. என்னை எந்த விளக்குமாத்தால அடிக்கறது?"

"உங்களை நீங்களே ஏங்க்கா..." என்று ஆரம்பித்த தம்பி மனைவி, கணவன் இருந்த பக்கம் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

தம்பி தட்டிலிருந்து தலையெடுக்கவில்லை. "இனிமே பார்த்து ஊத்துக்கா," என்றான்.

அக்கா தலையாட்டினாள். அவன் கடிந்துகொள்ளாமல் மெதுவாகச் சொன்னது அவளுக்குப் பெரிதாகப் பட்டது. நம் தப்பை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறான், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

மருந்துக்கு முதலில் சற்று அடங்குவதுபோல இருந்தது. பிறகு மறுபடியும் தொடங்கியது. மீனை வேகவைத்து, முள் பார்த்து, சாற்றை மட்டும் விரலில் தொட்டு உதட்டில் தடவினாள். முதலாளி நக்கியது, விழுங்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டது. படுக்கவும் மாட்டேன் என்றது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கி, தலை சரிந்து, திடுக்கிட்டு விழித்தது. அக்கா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "ஆண்டவனே, என் மூச்சுல கொஞ்சம் எடுத்து இதுக்குக் குடுத்துடு," என்று முணுமுணுத்தாள். வேண்டுதல் என்றால் எதையாவது கொடுப்பதாகச் சொல்ல வேண்டுமே, அவளிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது?

மூன்றாம் நாள், தம்பி மெத்தை கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்த வேளையில் அதன் நாக்கு நீலம் பாய்ந்தது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பஞ்சர்காரர் ஒரு டயரைக் கழற்றிப் பாதியில் வைத்திருந்தார். டயரின் சொந்தக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வண்டி எடுக்கறீங்களா?"

பஞ்சர்காரர் கையைத் துடைக்கக்கூட இல்லை. டயர்க்காரரிடம், "நீங்க அந்த டீயைக் குடிச்சிட்டு இருங்க. உங்க டயர் மூச்சு விடறதை நிறுத்தி ரொம்ப நேரமாச்சு, அதுக்கு இனிமே அவசரமில்லை," என்று சொல்லிவிட்டுத் தன் பழைய வேனைக் கிளப்பினார். வழி நெடுகப் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, முட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர்போல ஓட்டினார்.

இந்தத் தடவை டாக்டரம்மா படம் எடுத்துவிட்டாள். வெளிச்சப் பெட்டியில் அதை மாட்டிவிட்டு அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அம்மா, பினாயில் இல்லை."

"இல்லையா?"

"பினாயிலும் இல்லை, பஞ்சும் இல்லை. இங்க பாருங்க, விலா எலும்பு ரெண்டு முறிஞ்சிருக்கு. வயித்தையும் நெஞ்சையும் பிரிக்கிற திரை ஒண்ணு உள்ள இருக்கும். அது கிழிஞ்சு, குடல் மேலே ஏறி நுரையீரலை நெருக்குது. மூச்சு விட இடமே இல்லை. பலமா அடி பட்டிருக்கு. ரொம்ப உயரத்திலிருந்து விழுந்திருக்கணும், இல்லைன்னா யாராவது அடிச்சிருக்கணும்."

அக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நான் இல்லை. நான் செய்யவில்லை. அந்த நிம்மதி வந்ததற்கே வெட்கப்பட்டாள். "இப்ப என்னம்மா செய்யறது?"

"அறுத்துத் தைக்கணும். காலையில செய்யலாம். அதுவரைக்கும் காத்துப் பெட்டியில இருக்கட்டும்." டாக்டரம்மா குரலைத் தணித்தாள். "ஒளிக்காம சொல்றேன். முதல் நாளே தெரிஞ்சிருந்தா தெம்பு இருக்கும்போதே செஞ்சிருக்கலாம். பெரும்பாலும் பொழைச்சுக்கும். இப்ப ரொம்பக் களைச்சுப் போச்சு."

திரும்பி வரும்போது டாக்டரம்மா சொன்னதைப் பஞ்சர்காரரிடம் சொன்னாள். அக்காவின் மனம் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியது. மூலை வீட்டுக்காரர் கல்லெடுத்து எறிகிறவர். அந்தப் பக்கத்து வீட்டில் பெரிய நாய் இருக்கிறது. பஞ்சர்காரர்கூட ஒருநாள், வேனின் இருக்கையை முதலாளி பிராண்டியதற்காகத் தண்ணீரை வீசினார். அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

அவர் சாலையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னார்: "என்னைப் பத்தித்தானே யோசிக்கறே? கேட்டுடு அக்கா. நெஞ்சுல வெச்சுக்காதே."

"இல்லண்ணே..."

"தண்ணி ஊத்தினேன். அது சத்தியம். தண்ணிக்கு மேல என் கை போகாது. என் வீட்டுக்காரிகிட்டவே நான் குரலைத்தான் உயர்த்துவேன், அதுவும் அவ ஊருக்குப் போயிருக்கும்போது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உதவிக்கு வந்தவரைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று குறுகிப்போனாள்.

கடை வாசலில் இறங்கி வெறுங்கையோடு உள்ளே வந்தாள். தம்பி திரும்பியிருந்தான். பெரிய கட்டிலுக்கான மெத்தை ஒன்று தரையில் கிடந்தது. வயிறு நிறையப் பஞ்சு, வாய் இன்னும் திறந்திருந்தது. தம்பி அவளைக் கவனிக்கவில்லை. பிரம்பை எடுத்தான். ஓங்கவில்லை. மறுபடி கீழே வைத்தான். மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு மூலையில் வைத்து அழுத்தி, தடவி, அங்குலம் அங்குலமாக அடுத்த மூலைவரை நகர்ந்தான். பிறகு திறந்த வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். எல்லாம் முடிந்தபின்தான் எழுந்து மறுபடி பிரம்பைத் தூக்கினான்.

அக்கா நிலைப்படியிலேயே நின்றாள். அந்தத் தொழிலில் அப்படி யாரும் தடவிப் பார்ப்பதில்லை. அப்பா பார்த்ததில்லை. அவள் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. போன வாரம்வரை அவனும் செய்ததில்லை.

"என்னடா தேடறே?"

பிரம்பு அந்தரத்தில் நின்றது. "ஒண்ணுமில்லக்கா. கட்டி இருக்கான்னு பார்த்தேன்."

"கட்டி இருந்தா பிரம்பே சொல்லும். கை எதுக்கு?"

அக்கா வந்து தன் எந்திரத்தின் முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"படம் எடுத்தாங்க. ரெண்டு விலா முறிஞ்சிருக்கு. உள்ள கிழிஞ்சு குடல் மேலே ஏறிடுச்சு. யாரோ அடிச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. வழியெல்லாம் தெருவுல இருக்கறவங்களைச் சந்தேகப்பட்டுக்கிட்டே வந்தேன். பஞ்சர்காரரைக்கூட விடலை." நிறுத்தினாள். அவனுக்கு இடம் கொடுத்து நெடுநேரம் காத்திருந்தாள். "சொல்லுடா."

தம்பி பிரம்பைத் தூங்குகிற எதையோ கிடத்துவதுபோல மெதுவாகக் கீழே கிடத்தினான்.

"நீ நூல் வாங்கப் போயிருந்தே. மெத்தையை அப்படியே விட்டுட்டு போன் பேச வெளியே போனேன். வாய் திறந்திருந்துச்சு. அது உள்ளே போய்ப் படுத்திருக்கு. எனக்கு எப்படிக்கா தெரியும்? வந்து அடிச்சேன். ரெண்டாவது அடியில கத்துச்சு. வெளியே ஓடி வந்துச்சு. தூக்கிப் பார்த்தேன். ரத்தமில்லை, நொண்டலை. உடம்பை நக்கிக்கிட்டுப் போய் உட்கார்ந்துச்சு. சரி, தப்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன்."

"மறுநாள்?"

"மறுநாள் சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ பினாயில்னு சொன்னே."

"நான் சொன்னேன். நீ ஆமான்னே."

"வாய் அடைச்சுப் போச்சுக்கா."

"அடைக்கலையே. ஆமான்னு சொல்லத் திறந்துச்சே. டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னு சொல்லத் திறந்துச்சே. இனிமே பார்த்து ஊத்துக்கான்னு எனக்குப் புத்தி சொல்லத் திறந்துச்சே!"

உள்ளேயிருந்து வந்த தம்பி மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் அன்னைக்கே சொல்லச் சொன்னேங்க்கா."

"உனக்குத் தெரியும்."

"சொல்லச் சொன்னேன்..."

"அவனைச் சொல்லச் சொன்னே. நீ சொன்னியா? நான் தரையை மாத்தி மாத்திக் கழுவினப்ப பக்கெட்டு எடுத்துக் குடுத்தியே, அப்பவாவது சொன்னியா?" அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாது. அந்தப் பூனைக்குக்கூடத் தெரியும்."

தம்பி அழுதான். மனைவி எதிரிலேயே, பெரிய ஆண்பிள்ளை, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அக்காவின் கை பழக்கத்தில் அவன் தலைப்பக்கம் போகப் பார்த்தது. அவள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அடிச்சதுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கைப்பிழை. எனக்கும் நடந்திருக்கும். சின்ன வயசுல எதை உடைச்சாலும் அம்மாகிட்டப் போகமாட்டே, முதல்ல எங்கிட்டதான் ஓடி வருவே. என்னைக்குடா நான் வெளியாளா ஆனேன்? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுச்சுன்னு நினைக்குமாம். பாவம், பூனை மேல எதுக்குப் பழி போடறாங்கன்னு தெரியலை."

அன்று அந்த வீட்டில் சமைத்தது அப்படியே இருந்தது.

காலையில் பஞ்சர்காரர் வேனில் போனார்கள். தம்பி மனைவி வரவில்லை. தம்பி பின்னால் தனியாக ஏறிக்கொண்டான். அக்கா முன்னால் உட்கார்ந்தாள். அவள் அவனிடம் பேசியது ஒன்றுதான்: "நீ வரணும்." பஞ்சர்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வானொலியை அணைத்தார்.

கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் முதலாளி உட்கார்ந்திருந்தது. அக்கா விரலை நீட்டியதும் முகர்ந்தது. தம்பி கொஞ்சம் தள்ளியே நின்றான். அவன் வாசம் பட்டதும் அது தலையைத் திருப்பி, மூச்சு வாங்கிக்கொண்டே, அவனைப் பார்த்து ஒருமுறை கண்ணை மெல்ல மூடித் திறந்தது. நம்பிக்கை உள்ளவர்களைப் பார்த்துத்தான் பூனை அப்படிச் செய்யும். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே மரப் பெஞ்சின் ஒரு முனையில் அக்காவும் மறுமுனையில் அவனும். அவள் கண்ணை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சின் நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

கதவு திறந்தபோது டாக்டரம்மா முகமூடியைக் கழற்றியிருந்தாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

"குடலை இறக்கிட்டோம். திரையைத் தைக்கும்போது நெஞ்சு நின்னுபோச்சு. ரொம்ப முயற்சி பண்ணினேம்மா. வலி தெரியலை, மயக்கத்துலயே போயிடுச்சு."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்மா. நீங்க கையைச் சூடு பண்ணிக்கிட்டுத் தொட்டீங்களே, அன்னைக்கே தெரியும்."

தம்பி எழுந்து வந்தான். "டாக்டர், நான்தான். மெத்தைக்குள்ள இருந்தது தெரியாம அடிச்சிட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். அன்னைக்கே சொல்லியிருந்தா... பொழைச்சிருக்குமா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். டாக்டரம்மாவின் கண்ணில் இரக்கம் இருந்தது. "அதெல்லாம் அப்படி உறுதியா சொல்ல முடியாது. சில சமயம் எப்ப செஞ்சாலும்..."

நல்ல மனசுக்காரி ஒரு பொய்யை எடுத்து நீட்டுகிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. வாங்கிக்கொள்வது எளிது. தலையாட்டினால் போதும். அவன் சற்று நிம்மதியாகத் தூங்குவான். அப்புறம் அந்த வீட்டில் அவனுக்கு மட்டும் தெரியாத ஒன்று இருக்கும்.

"பொழைச்சிருக்கும்டா," என்றாள் அக்கா. "அன்னைக்கே சொல்லியிருந்தா அநேகமா பொழைச்சிருக்கும்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அக்கா அவன் பக்கத்திலேயே நின்றாள். அவனைத் தொடவில்லை, விலகவும் இல்லை.

கூடையை வெள்ளைத்துணி போட்டு மூடித் தந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பஞ்சர்காரர் இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டார். கூடையைப் பார்த்ததும் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பின்னிருக்கையில் கூடையை வைத்து அக்காவும் அதனருகில் ஏறிக்கொண்டாள். தம்பி ஏறாமல் வெளியே நின்றான்.

"பாவம், முதலாளி," என்றார் பஞ்சர்காரர். "எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே யோசனை அக்கா. எவன் அடிச்சிருப்பான்? அந்த மூலை வீட்டு ஆளாத்தான் இருக்கும். அவனை விடக்கூடாது. நாலு பேரை வெச்சுக் கேட்கணும். என்ன தம்பி, நீ என்ன சொல்றே?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்குப் பழக்கமான வார்த்தைதான். பதில் வருவதற்குள் அவளுக்கே மூச்சு நின்றுவிடும்போல இருந்தது.

"மூலை வீட்டுக்காரர் இல்லண்ணே," என்றான் தம்பி. "நான்தான். மெத்தைக்குள்ள இருந்தப்ப பிரம்பால அடிச்சிட்டேன். இத்தனை நாளா அக்காகிட்ட மறைச்சிட்டேன். அக்கா பினாயில்னு அழுதப்ப, பார்த்துக்கிட்டே இருந்தேன்."

பஞ்சர்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஏறி உட்காரும்படி சற்று நகர்ந்துகொண்டாள்.